காட்சித் தட்டுக்கு ஐந்து ஆப்பிள்

என் வீட்டு மரத்தில் காய்த்த ஆப்பிளை நானே திருட வேண்டிய நிலைமை எனக்கு வந்தது. திருடியதோடு விட்டேனா, திருடிய இடத்தில் கடையில் வாங்கிய ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல் வேலைக்கும் போனேன். ஐம்பத்தேழு வயதில், ஆஸ்பத்திரிச் சீருடையில், ஆடுகிற நாற்காலி மேல் ஏறி நின்று. இத்தனைக்கும் காரணம் என் கணவர் சடகோபன். அவரைக் கேட்டால் மரத்தைக் காட்டுவார்.

சிட்னிக்கு வெளியே கெல்லிவில்லில் நாங்கள் வீடு வாங்கியபோதே அந்த மரம் பின்பக்க வேலியோரம் நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் பழத்தோட்டமாம். மனை போட்டவர்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். இது மட்டும் மழைநீர்க் குழாய் போகிற ஓரத்தில் நின்றதால் பிழைத்தது. முதல் வருஷம் ஒரு காயைக் கடித்துப் பார்த்தேன். பல் கூசியது. நல்ல கெட்டி மாங்காயின் புளிப்பு. அன்றைக்கே எனக்கு அந்த மரத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. சிட்னியில் மாங்காய் கிடைக்கிற மாதங்கள் கொஞ்சம். இது மாங்காய் போன பிறகு வரும். சாம்பாரில் போட்டேன், மோர்க்குழம்பில் போட்டேன், தொக்குக் கிளறினேன். நறுக்கி உப்பும் மஞ்சளும் பிசிறி, எங்கள் பெண் அக்ஷரா சின்ன வயதில் குதித்துக்கொண்டிருந்த டிராம்பொலின் மேல் வேட்டியை விரித்து வத்தல் போட்டேன். வத்தல் காய டிராம்பொலின் மாதிரி வசதி எதிலும் இல்லை. மேலே வெயில், கீழே காற்று.

இவருக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொள்வார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய பழ ரகங்களைத் தேடிப் பாதுகாக்கிற சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். காயைக் குறுக்கே வெட்டினார், முகர்ந்தார், கடித்தார். அடிப்பக்கக் குழியைச் சுற்றி ஐந்து மேடு இருப்பதை விரலால் தடவிக் காட்டினார். "ஃபைவ் கிரவுன்" என்றார். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய ரகம், சமைக்கிற ஆப்பிள், வேகவைக்கலாம், காயவைக்கலாம், பறித்து வைத்தால் மாசக் கணக்கில் கெடாது, இப்போது யாரும் நடுவதில்லை என்று விளக்கினார். நான் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்ததைத்தான் அவரும் சொன்னார். நான் செய்தால் அது தொக்கு. அவர் சொன்னால் அது பாரம்பரியம்.

அன்றையிலிருந்து இவர் அந்த மரத்தைப் பஞ்சகிரீடம் என்று அழைக்க ஆரம்பித்தார். போன மார்ச்சில் எங்கள் பக்கத்து விவசாயக் கண்காட்சிக்குப் போனோம். அங்கே சமையல் ஆப்பிளுக்கு ஒரு தனிப் போட்டி இருந்தது. ஒரே ரகம், ஒரே அளவு, காம்பு உடையாமல், தோல் மேல் படிந்த வெளிர்ப் பூச்சு கலையாமல், ஒரு வெள்ளைத் தட்டில் ஐந்து பழம் வைக்க வேண்டும். போட்டிக்கு வந்திருந்தது மூன்றே தட்டு.

"மூணே பேர், வேதா" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அதுல ஒண்ணு சொத்தை. அடுத்த வருஷம் நம்ம பஞ்சகிரீடம் இங்க உக்காரப் போறது பாரு."

அவ்வளவுதான், என் தொக்கு போயிற்று, வத்தல் போயிற்று. இந்த வருஷம் ஒரு காயைக்கூடச் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு. கொத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றப் பிஞ்சுகளையெல்லாம் நவம்பரிலேயே கிள்ளி எறிந்தார். அப்போது என் வயிறு எரிந்ததை இவர் அறிய மாட்டார். மிஞ்சியது முப்பது சொச்சம். பழ ஈ வராமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பை கட்ட வேண்டும் என்றார். பைக்கு எங்கே போனார் தெரியுமா? அக்ஷரா கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தோமே, மெல்லிய வலைத்துணிப் பை, மிச்சம் இருந்த பைக்கட்டைக் கராஜிலிருந்து எடுத்துவந்து கட்டினார். கிளைக்குக் கிளை 'அக்ஷரா, பிரசன்னா' என்று தங்க எழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார். மேஜையைத் திருப்பி ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். ஒரு திரையில் ஆபீஸ், இன்னொரு திரையில் ஆபீஸ், நடுவில் மரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நித்தியானந்தன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே ரயில் ஓட்டுகிறார். ஷிஃப்ட் வேலை என்பதால் கண்ட நேரத்திலும் தோட்டத்தில் நிற்பார். இவருக்கு இருக்கிற ஒரே சிநேகிதர் அவர்தான். பையெல்லாம் ஆடுவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"என்ன அண்ணை, அப்பிளுக்குக் கலியாணம் கட்டி வைக்கிறியளோ? பேரெல்லாம் அடிச்சுக் கிடக்கு."

"போட்டிக்கு, நித்தி. மார்ச்ல பாருங்கோ."

"உதுக்கு இவ்வளவு பாடோ? கடையில ஒரு கிலோ வாங்கி உதுக்குள்ள போட்டுத் தொங்க விடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

இவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அந்த யோசனை எனக்கே தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

ஜனவரியில் ஒருநாள் அக்ஷரா என் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பரமட்டாவில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறாள், பக்கத்திலேயே அடுக்குமாடி வீடு. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். கேன்டீனில் உட்கார்ந்தோம். காபி வாசனை வந்ததும் அவள் எழுந்து ஓடினாள். திரும்பி வந்ததும் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவளே சொன்னாள்.

"ஆறு வாரம்மா. அப்பாக்குத் தெரியக் கூடாது. ப்ராமிஸ் பண்ணு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும். அப்போதும் அவள் இப்படித்தான் உண்டாகியிருந்தாள். அப்பாவிடம்தான் முதலில் சொன்னாள். சந்தோஷம் வந்தால் இவருக்கு வாய் நிற்காது. கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது, மனுஷருக்கு உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான். அவள் சொல்லி முடிப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'தாத்தா ஆகப் போகிறேன்' என்று போட்டுவிட்டார். சென்னை, டல்லாஸ், பெங்களூர், துபாய் எல்லாம் வாழ்த்தின. மூன்றாம் மாசம் கலைந்துபோனபோது அத்தனை பேருக்கும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மாம்பலத்திலிருந்து இவர் ஒன்றுவிட்ட அக்கா, அக்ஷரா ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும்போதே நேராக அவளுக்கு ஃபோன் போட்டு, பப்பாளி சாப்பிட்டாயா, கனம் தூக்கினாயா என்று விசாரித்தாள். என் பெண் அப்பாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவரோடு வெயில், மழை, ரயில் தாமதம் என்று மட்டும் பேசினாள். அவள் விலகிப்போன காரணத்தை இவரிடம் யாரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

அதனால் கேன்டீனில் சத்தியம் செய்துகொடுத்தேன். ஐந்தாம் மாசத்துப் பெரிய ஸ்கேன் முடிகிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. பிரசன்னாவுக்கும் எனக்கும் மட்டும்.

சத்தியம் செய்வது சுலபமாக இருந்தது. அவள் வயிறுதான் ஒத்துழைக்கவில்லை. எதுவும் நிற்கவில்லை. ரசம் சாதம் வெளியே, பிஸ்கட் வெளியே, தண்ணீரும் வெளியே. வாந்திக்கு மாத்திரை கொடுத்தார்கள், அதுவும் வெளியே. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் வைத்து ட்ரிப் ஏற்றி அனுப்பினார்கள். கன்னம் ஒட்டிப்போயிற்று. புளிப்பு வேண்டும் என்றாள். பிளாக்டவுன் கடைகளில் மாங்காய் தேடினேன். உறையவைத்த துண்டுதான் கிடைத்தது. அது வாயில் பட்டதுமே ஓடினாள். கடை ஆப்பிள் வாங்கிக் கொடுத்தேன். "இது சும்மா தண்ணிம்மா, மெழுகு வாசனை வேற" என்று தள்ளிவிட்டாள்.

அப்புறம்தான் மரம் ஞாபகம் வந்தது. இவர் குளிக்கப் போன நேரத்தில் ஒரு காயைப் பறித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். அவள் வீட்டில் மெல்லிசாக நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தேன். ஒரு துண்டு மென்றாள். நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன். இன்னொரு துண்டு மென்றாள். முழுக் காயும் போயிற்று. அரை மணி கழித்து, "அம்மா, தயிர் சாதம் இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சரி, ஒரு காய் போனால் இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். சாயங்காலமே, "வேலிப் பக்கத்துக் கிளையில ஒண்ணு காணோம்" என்று டார்ச் எடுத்துக்கொண்டு கீழே தேடினார். பெற்ற பெண் வாரக்கணக்காக வீட்டுப் பக்கம் வராதது கண்ணில் படவில்லை. முப்பது சொச்சம் காயில் ஒன்று குறைந்தது பட்டுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொன்னால் ராத்திரிக்குள் மாம்பலத்துக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கிரானி ஸ்மித் ஒரு கிலோ வாங்கினேன். அதுவும் இதே சிட்னியில் பிறந்த ஆப்பிள்தான் என்று இவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், இப்போது உதவட்டும். காலையில் ஆபீஸ் கூட்டத்தில் கேமராவைப் போட்டுக்கொண்டு இவர் தலையாட்டும் அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்குக் கிடைத்த நேரம். அப்போது ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தின் பின்பக்கம் போவேன். பையை அவிழ்த்து, காயை எடுத்து, கடைக் காயை உள்ளே வைத்து, நூலால் இறுக்கிக் கிளையில் கட்டிவிடுவேன். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பச்சையாக ஒன்று தொங்கும். பையை அவிழ்த்தால் பூச்சு கலைந்துவிடும் என்று இவரே தனக்குத் தடை போட்டுக்கொண்டிருந்ததால் கிட்டே வந்தாலும் தொட மாட்டார்.

மூன்றாவது காயோ நான்காவதோ, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேலிக்கு மேலே நித்தியானந்தன் தலை.

"அக்கா, கதிரை ஆடுது, கவனம். நான் வந்து பிடிக்கட்டோ?"

எனக்கு உயிரே போய்விட்டது. "இவர்கிட்ட சொல்லிடாதீங்கோ" என்றேன்.

அவர் கடைக் காயைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "எனக்கென்னத்துக்கு? நான் ஒண்டும் காணேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்புறமும் ஒரு நாள்கூட அவர் காரணம் கேட்கவில்லை. நான் மரத்தடிக்கு வரும் நேரத்தில் அவர் குசினிக் கதவு சாத்திக்கொள்ளும்.

இப்படியே பிப்ரவரி போனது. காய் கொண்டுபோகிற நாளில் அக்ஷரா சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். கொண்டுபோகாத நாளில் படுத்துக் கிடந்தாள். இன்னொரு பக்கம் இவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "இந்தத் தடவை சைஸ் கொஞ்சம் பெரிசா வந்திருக்கு, வேதா. ஆட்டுப்புழுக்கை போட்டது வேலை செய்யறது" என்பார். பெரிசாக வந்தது கடைக் காய். நான் குழம்பை ஊற்றுவேன். அக்ஷரா வீட்டுக்கு வராததைப் பற்றியும் ஒருநாள் கேட்டார். வேலை ஜாஸ்தி என்றேன். "ஓ" என்றார். பிறகு மறுபடி ஆட்டுப்புழுக்கை. இந்த மனுஷருக்கு மரத்தைத் தவிர எதுவுமே உறைக்காதா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கண்காட்சிக்கு முந்தைய வியாழக்கிழமை காக்கட்டூ வந்தது, கொண்டை வைத்த பெரிய கிளி. ஒன்றல்ல, ஒரு கூட்டம். நான் வேலையிலிருந்து வரும்போது தோட்டம் கலவரம் நடந்த தெரு மாதிரி இருந்தது. கல்யாணப் பைகள் கிழிந்து புல்தரை எங்கும் கிடந்தன. இவர் ஆபீஸ் கூட்டத்தின் நடுவே எழுந்து ஓடியிருக்கிறார், மைக்கை அணைக்கவில்லை. 'சனியனே, போ, போ' என்று இவர் போட்ட கூச்சலை மெல்போர்ன் கிளையும் கேட்டதாம். ஒரு வெள்ளைக் காக்கட்டூ கொண்டையை விரித்துக்கொண்டு, வேலி மேல் உட்கார்ந்து பையோடு தின்றதாம். எப்படியோ ஐந்தை மட்டும் காப்பாற்றிப் பறித்துவிட்டார். சரியாக ஐந்து, நான் மாற்றாத நல்ல ஐந்து. அதில் அவருக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது.

மீதி உயிரை எடுத்தது, புல்தரையில் கிடந்த ஒரு பாதி ஆப்பிள். அதில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எல்லா ஸ்டிக்கரையும் உரித்த நான் ஒன்றை விட்டுவிட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் காரை விட்டு இறங்கும்போதே எதிரே நின்றார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் இவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே வேலிக்குப் போனார்.

"நித்தி! நித்தி! வெளில வாங்கோ!"

நித்தியானந்தன் சீருடையோடு வந்தார், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். இவர் ஸ்டிக்கரை அவர் முகத்துக்கு நேரே காட்டினார்.

"கடையில வாங்கிக் கட்டுங்கோன்னு நீங்கதானே சொன்னேள்? இதுதான் உங்க வேலையா? எத்தனை காய் இப்படி மாத்தினேள்?"

நித்தியானந்தன் என்னைப் பார்த்தார். இவர் பின்னாலேயே ஓடிவந்த நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது என் பெண்ணின் வார்த்தை.

"ஓம் அண்ணை" என்றார் அவர். "நான்தான் மாத்தினனான். சும்மா ஒரு பகிடிக்கு."

"பகிடியா? ஒரு வருஷ உழைப்பு உங்களுக்கு விளையாட்டா?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. வேலைக்கு நேரமாச்சு, போட்டு வாறன்."

இவர் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது. "பத்து வருஷப் பழக்கம், வேதா" என்றார். அப்போது எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இவர் மேலா, காக்கட்டூ மேலா, ஸ்டிக்கரை விட்ட என் மேலா? குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்ஷராவைக் கூப்பிட்டேன்.

"இனிமே என்னால முடியாதுடி. நித்தி பாவம், பழியைத் தன் தலையில போட்டுண்டுட்டார். அப்பாகிட்ட சொல்லிடறேன்."

"அங்கிள் பாவம்தாம்மா, ஐ நோ" என்றாள். "ஆனா ஸ்கேன் முடியட்டும், ப்ளீஸ். மறுபடி எல்லாருக்கும் பதில் சொல்ல என்னால முடியாது."

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் தட்டைக் கண்காட்சியில் கொடுக்க வேண்டும். இவர் விடிந்ததிலிருந்து வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தட்டில் ஐந்தும் உட்கார்ந்தன, காம்பு மேலே, ஐந்து மேடும் தெரிகிற மாதிரி ஒன்று மட்டும் கவிழ்த்து. தூசி விழாமல் மேலே என் மாவுச் சல்லடை. "யாரும் தொடாதேங்கோ" என்றார். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அப்போது வாசலில் கார் வந்தது. பிரசன்னா அக்ஷராவை இறக்கிவிட்டு மருந்துக் கடைக்குப் போனான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது.

"முந்தாநாள்லேர்ந்து ஒண்ணும் நிக்கலம்மா. தண்ணி கூட. இன்னிக்கும் இப்படியே இருந்தா அட்மிட் பண்ணிடுவா." தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு கூட இல்லையா?"

நான் சல்லடையைத் தூக்கினேன். யோசித்தேன் என்று சொன்னால் பொய். கைக்கு எட்டிய முதல் பழத்தை எடுத்து நறுக்கினேன். உப்பு, மிளகாய்ப்பொடி. அவள் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இருவரும் காத்திருந்தோம். இரண்டாவது துண்டை எடுத்தாள்.

குளியலறைக் கதவு திறந்தது.

வேட்டியும் தோளில் துண்டுமாக, நெற்றியில் அப்போதுதான் இட்ட திருமண் காயாமல், இவர் வந்து நின்றார். சல்லடை ஒரு பக்கம், தட்டில் நான்கு. என் கையில் கத்தி. என் வாயில் 'காக்கட்டூ' என்ற சொல் வந்து நின்றது. வீட்டுக்குள், சாப்பாட்டு மேஜையில், காக்கட்டூ! நல்ல வேளை, வெளியே வரவில்லை.

இவர் தட்டைப் பார்த்தார். உப்பையும் மிளகாய்ப்பொடியையும் பார்த்தார். ஒட்டிப்போன கன்னத்தோடு, புளிப்புத் துண்டைக் கடித்தபடி, திருடி மாதிரி விழித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். எந்தத் தமிழ் வீட்டுக்காரனுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நான் கூச்சலுக்குத் தயாரானேன்.

"எதை வெட்டினே?" என்றார் என்னிடம்.

"என்ன?"

"எதை வெட்டினேன்னு கேக்கறேன். வடக்குக் கிளைக் காயைப் போய் வெட்டியிருக்கியே! நாள் பூரா வெயில் பட்டது அது, பாதி இனிச்சுக் கிடக்கும். உனக்குப் புத்தி இருக்கா, வேதா? புளிப்பு வேணும்னா வேலிப் பக்கத்துக் காயைன்னா எடுக்கணும்?" தட்டுக்கு மேல் விரலை ஓட்டி ஒன்றை எடுத்தார். "இதோ, இது."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். பழத்தைத் தோள் துண்டில் அழுத்தித் துடைத்தார். மாசக்கணக்காக மூச்சுக்கூடப் படாமல் காத்த பூச்சு அந்த ஈரத்துணியோடு போயிற்று. என் கையிலிருந்து கத்தியை வாங்கி நறுக்க ஆரம்பித்தார். துண்டுகள் கோணல் மாணலாக விழுந்தன. இவருக்கு எதையும் நறுக்கத் தெரியாது.

அக்ஷராவின் கண் நிறைந்துவிட்டது. "அப்பா, நான் உங்ககிட்ட..."

"வேண்டாம், அக்ஷு."

"இல்லப்பா, ஐ வாண்ட் டு..."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதேம்மா." இவர் கத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா எனக்கு வாய் நிக்காது. போன தடவை உன்னை என்ன பாடு படுத்தினேன்னு எனக்குத் தெரியும். தெரியாதுன்னு நெனச்சிண்டிருக்கியா? எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்கு எப்ப சொல்லணுமோ, கடைசி ஆளா சொல்லு. இப்ப சாப்பிடு."

எனக்கு அந்த மனுஷரின் காதைப் பிடித்துத் திருகலாம் போல இருந்தது. இரண்டு வருஷமாக இது அவருக்குத் தெரியுமாம். அவள் வெயிலையும் மழையையும் பேசிவிட்டு வைக்கும் ஒவ்வொரு ஃபோனுக்கும் காரணம் தெரியுமாம். என்னிடம் ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நாற்காலி மேல் ஏறியிருப்பேனா? நித்தியானந்தன் அத்தனை திட்டு வாங்கியிருப்பாரா? திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னாலிருந்து, "அப்போ நித்தி ஏன் தான்தான்னு சொன்னான்?" என்று இவர் குரல்.

"அதையும் தெரிஞ்சுக்காமலே இருங்கோ" என்றேன், திரும்பாமல். "ஆனா இன்னிக்கே போய் அவர் கையைப் பிடிச்சுண்டு மன்னிப்புக் கேளுங்கோ."

"கேக்கறேன்" என்றார் உடனே. அத்தனை சீக்கிரம் இவர் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை.

மேஜை மேல் இவர் ஃபோன் துள்ளிக்கொண்டே இருந்தது. குடும்பக் குழுவில் எல்லாரும் தட்டின் படம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் எட்டி எடுத்தார். அக்ஷரா மெல்லுவதை நிறுத்தினாள், நானும் திரும்பிப் பார்த்தேன். இவர் அதை அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டிலிருந்து மூன்றாவது பழத்தை எடுத்தார்.

ஒன்பது மணி எப்போதோ தாண்டியிருந்தது. "மெதுவா மென்னு தின்னு" என்றார். அவள் அழுதுகொண்டே தின்றாள். உப்புப் போதவில்லை என்றாள், ஜாடியை நகர்த்திக் கொடுத்தார். நான் கழுவி வைத்திருந்த பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். அதற்கு வேலை வரவில்லை. உள்ளே போனது உள்ளேயே இருந்தது.